ஆர்ட் மியூசியம் நம்ம ஊருக்கு வர்றப்ப என்ன கேக்கணும், அவங்க வருசாந்திர ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கணும்

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர் கேட்டிருந்தாங்க. போன வருசம் ஒரு ஆர்ட் கேலரிலேர்ந்து ஆளுங்க வந்து ஒரு நாள் முழுக்க கலர் அடிக்கிற போட்டி நடத்தி, டீ ஷர்ட், சர்டிபிகேட் எல்லாம் குடுத்துட்டு போனாங்களாம். இந்த வருசமும் வர்றோம்னு லெட்டர் வந்திருக்கு. அவங்க வருசாந்திர ரிப்போர்ட்ல சமூகத் தொடர்புன்னு ஒரு பக்கம், அதுல நம்ம பள்ளிக்கூடத்து ஃபோட்டோவும் இருக்கு, பக்கத்துல போன வருசத்த விட இத்தன பேர் கூடுதல்னு ஒரு கிராஃப். ஆனா பிள்ளைங்களுக்கு என்ன மிஞ்சிச்சுன்னு பாத்தா ஒண்ணும் தெரியல, பெற்றோர் சங்கத்துல பாதி பேர் "பாடம்தான் கெட்டுப்போகுது, வேணாம்"னு சொல்றாங்க, கூப்பிடலாமா வேணாமான்னு கேட்டாங்க.

கூப்பிடுங்க டீச்சர். கட்டாயம் கூப்பிடுங்க. ஆனா போன வருசம் மாதிரியே நடத்துறதா இருந்தா வேணாம்னு எழுத்துல சொல்லிட்டு, உங்களுக்கு எப்படி வேணும்னு அதே லெட்டர்ல கேளுங்க. நான் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவன், அப்புறம் மியூசியம் கல்விப் பிரிவுல ரொம்ப வருசம் வேல பாத்தவன், ரெண்டு பக்கமும் தெரியும்ன்றதால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல அந்தப் பாதி பேருக்குப் பதில், பாடம் கெடுதுன்னு சொல்றவங்களுக்கு. அமெரிக்காவுல அர்க்கன்சாஸ்னு ஒரு மாநிலம், பெரும்பாலும் கிராமப்புறம், அங்க பெண்டன்வில்ன்ற சின்ன ஊர்ல கிரிஸ்டல் பிரிட்ஜஸ்னு ஒரு பெரிய ஆர்ட் மியூசியம் 2011 நவம்பர்ல தொறந்தாங்க. அந்த வட்டாரத்துல அதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணு இருந்ததே இல்ல, அதனால பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒரே நேரத்துல நாங்க வர்றோம் நாங்க வர்றோம்னு மனு போட்டுட்டாங்க, எல்லாரையும் சேக்க முடியாம குலுக்கல் போட்டுத்தான் எடுத்தாங்க. குலுக்கல்னா என்ன ஆகுது, போன பிள்ளைங்களும் போகாத பிள்ளைங்களும் மத்தபடி ஒரே மாதிரிதான், அதனால ஒப்பிட்டுப் பாத்தா முடிவு நம்பலாம். ஆராய்ச்சி பண்றவங்க இத பிடிச்சுக்கிட்டு 123 பள்ளிக்கூடத்துல 10,000க்கு மேல பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாத்தாங்க. மியூசியத்துக்குள்ள நடந்தது என்னமோ சுமார் ஒரு மணி நேரச் சுத்துதான், அஞ்சு ஓவியம், ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு பேசினாங்க. சில வாரம் கழிச்சு அதுவரைக்கும் பாக்காத வேற ஒரு படத்தக் குடுத்து எழுதச் சொன்னப்ப, போன பிள்ளைங்க கவனிச்சு, காரணம் சொல்லி எழுதுறதுல முன்னாடி இருந்தாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது இதுக்கு அடுத்தது: கிராமத்துப் பிள்ளைங்களுக்கும் வசதி கம்மியான பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கும் கெடச்ச பலன் மத்தவங்கள விட ரெண்டு மூணு மடங்கு பெருசு. டவுன் பிள்ளைக்கு மியூசியம் பத்தோட பதினொண்ணு, நம்ம பிள்ளைக்கு அதுதான் மொத தடவ. அதனால யாருக்கு ரொம்ப தேவையோ அவங்கதான் வேணாம்னு சொல்றாங்கன்றது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு.

அந்த ஆராய்ச்சில இன்னொரு விசயம் நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். அஞ்சு படத்துல ஒண்ணு ஈஸ்ட்மன் ஜான்சன் வரைஞ்சது, மேப்பிள் மரத்துச் சாறு எடுத்துக் காய்ச்சி சர்க்கர பண்ற முகாம். கரும்புத் தோட்டத்துல அடிமைங்கள வச்சு எடுத்த சர்க்கரைய வாங்க மாட்டோம்னு சொன்னவங்க அந்தக் காலத்துல மேப்பிள் சர்க்கரைய ஆதரிச்சாங்கன்னு கைட் சொல்லிருக்காங்க. வாரக்கணக்கு கழிச்சு கேட்டப்ப அந்தப் படத்தப் பாத்த பிள்ளைங்கள்ல 88 சதவீதம் அத ஞாபகம் வச்சிருந்தாங்க. பரிச்சைக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கல, மனப்பாடம் பண்ணச் சொல்லல. ரப்பர் மரத்துல வெட்டுப் போட்டு பால் எடுக்கறது, தோட்டக்காரன், கூலி, சரக்கு யாருக்குப் போகுது, இந்தக் கதையெல்லாம் சுங்கை சிப்புட் பிள்ளைக்கு எவ்வளவு கிட்ட இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப உங்க ஊருக்கு அவங்க வர்ற விசயத்துக்கு வர்றேன். ஒரிஜினல் ஓவியம் கொண்டு வாங்கன்னு கேட்டீங்கன்னா முடியாதுன்னுதான் சொல்வாங்க, அது சாக்கு இல்ல, நெசமாவே முடியாது. காகிதம், வாட்டர் கலர், பத்தேக் துணி இதுக்கெல்லாம் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல காட்டக்கூடாதுன்றது கணக்கு, எண்ணெய் ஓவியத்துக்கு 200 பக்கம். உங்க வகுப்பறையில ட்யூப் லைட் போட்டு ஜன்னலத் தொறந்தாலே அத விட பல மடங்கு போயிரும். அப்புறம் ஈரப்பதம். கேலரில ஏறக்கொறைய 50 சதவீதத்துல ராப்பகலா ஏர்கோன் ஓட்டி வச்சிருப்பாங்க, நம்ம பாலாய் ராயாவுல, அதான் ஊர்ப் பொது மண்டபத்துல, காத்தாடி சுத்துற இடத்துல 80 தாண்டும், நாள் கணக்கா வச்சா பூஞ்ச வந்துரும். அதனால ஊருக்கு வர்றது நல்ல தரமான பிரிண்ட்தான், அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல, பெருசா, நெஜ அளவுல, கலர் சரியா இருக்கற பிரிண்ட் கேளுங்க. ஏ4ல அடிச்சு லேமினேட் பண்ணது வேணாம், அதுல முப்பது பிள்ளைங்க என்னத்தப் பாக்கும்.

என்ன படம்னு நீங்களே கேக்கலாம். அவங்க கேட்டலாக் எடுத்துப் பாத்து இது வேணும்னு சொல்ல உங்களுக்கு உரிம இருக்கு. பினாங்குல சுவா தியான் தெங் 1950கள்ல பத்தேக் மெழுகும் சாயமும் வச்சே ஓவியம் போட ஆரம்பிச்சாரு, அவரு படத்த யுனிசெஃப் வாழ்த்து அட்டையாவே போட்டிருக்கு, பிள்ளைங்களுக்கு அந்த டெக்னிக்கக் கையில செஞ்சே காட்டலாம். சையத் தாஜுதீன் 1943ல தமிழ்நாட்டுல பொறந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரில படிச்சு இங்க பெரிய பேரா ஆனவரு. பினாங்குல பொறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் 1973லயே ஃபோட்டோவும் குப்பையும் வச்சு சுற்றுச்சூழலப் பத்தி பேசினவங்க. ஜொகூர்ல பொறந்த ஜெ. அனுரேந்திரா இருக்காரு. நம்ம நாட்டு ஓவிய வரலாத்துல நம்ம ஆளுங்களும் நடுக்கூடத்துலதான் நிக்கிறாங்கன்னு பத்து வயசுலயே ஒரு பிள்ளைக்குத் தெரியணும், நாப்பது வயசுல தெரிஞ்சு என்ன பண்றது.

படத்த மாட்டிட்டு என்ன செய்றதுன்றதுலதான் மொத்த விசயமும் இருக்கு. பிலிப் யெனவைன்னு நியூயார்க் நவீன கலை மியூசியத்துல கல்விப் பிரிவத் தலைமை ஏத்து நடத்தினவரு, அவரும் அபிகேல் ஹவுசன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் சேந்து ஒரு முறை உண்டாக்கினாங்க, மூணே கேள்வி. இந்தப் படத்துல என்ன நடக்குது? எதப் பாத்து அப்படிச் சொல்ற? இன்னும் என்னென்ன கண்டுபிடிக்கலாம்? அவ்வளவுதான். ஓவியர் பேரு, வருசம், பாணி எதுவும் மொதல்ல சொல்றதில்ல. பிள்ள சொல்றத டீச்சர் வேற வார்த்தையில திருப்பிச் சொல்லி, படத்துல அந்த இடத்த விரலால காட்டணும், சரி தப்புன்னு சொல்லக்கூடாது. கேக்க ரொம்ப சாதாரணமாத் தெரியும். ரெண்டாவது கேள்விதான் உயிர், ஏன்னா அது ஆதாரம் கேக்குது. கட்டுரையில "ஏன் அப்படி நினைக்கிறாய்"னு கேட்டா பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பிள்ள, படத்தப் பாத்தா நாலு காரணம் சொல்லும். தமிழ்லயே நடத்துங்க, மலாய்ல வேணாம், இங்கிலீஷ்ல வேணாம், பிள்ள எந்த மொழியில யோசிக்குதோ அதுல பேசட்டும், அப்புறம் அதையே மலாய் கட்டுரையா எழுதச் சொன்னா தானா வரும். பாடம் கெடுதுன்னு சொல்ற பெற்றோர ஒரு நாள் பின்னால உக்கார வச்சு பாக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல நீங்க எதுவும் பேசவே வேண்டியதில்ல.

பாட்டி தாத்தாங்களையும் கூப்பிடுங்கன்னு நான் எங்க போனாலும் சொல்வேன், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு தோட்டத்து மண்டபத்துல பால் வெட்டுற ஓவியம் ஒண்ணோட பிரிண்ட மாட்டி பிள்ளைங்க பேசிக்கிட்டிருந்தாங்க, வெட்டுக்காரம்மா, மரம், பால் சொட்டுற மங்கு, வாளின்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டு வர்றாங்க. பேத்திய கூட்டிட்டுப் போக வந்த ஒரு பாட்டி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னுட்டு, "வெட்டு தப்பா இருக்கே"ன்னாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தோம். கிட்ட வந்து மரத்துல இருந்த கோட்ட விரலால தடவிக் காட்டி, இடது பக்கம் ஒசந்து வலது பக்கம்தான் எறங்கணும், இங்க வலது பக்கம் ஏறிப் போகுது, இப்படி வெட்டினா மங்குல பாதி பால்கூட எறங்காது, கங்காணி அன்னிக்கே பேரக் கிழிச்சிருப்பான்னு சொன்னாங்க. அறிவியல் வாத்தியாரு அங்கயே இருந்தாரு, அவரு சொன்னாரு, ரப்பர் மரத்துப் பட்டைக்குள்ள பால் குழாய் நேரா நிக்காம கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சு சுத்தி ஏறுது, அதனால இடது மேல இருந்து வலது கீழ ஏறக்கொறைய 30 டிகிரில வெட்டினாத்தான் நெறய குழாய் அறுபடும். பாட்டி விடல, "வெயிலப் பாருங்க, நெழல் காலடியில இருக்கு, உச்சி நேரத்துல யாரு பால் வெட்டுவா"ன்னாங்க. விடியறதுக்கு முன்னாடி நெத்தி வெளக்கு கட்டிக்கிட்டுப் போறது எதுக்குன்னா, குளுமையா இருக்கறப்ப குழாய்ல அழுத்தம் நல்லா இருக்கும், பால் ரொம்ப நேரம் ஓடும், வெயில் ஏற ஏற நின்னுரும். இத வாத்தியாரு சொல்லி முடிக்கறதுக்குள்ள பாட்டி கையால செஞ்சே காட்டிட்டாங்க, மணிக்கட்ட எப்படி இழுக்கணும், மரத்துக்குக் காயம் படாம சீவல் எவ்வளவு மெல்லிசா எடுக்கணும்னு.

அப்புறம் மியூசியத்துல போய் ஒரிஜினலப் பாத்தா, வெட்டு சரியாத்தான் இருந்துச்சு. பிரிண்ட் எடுத்தப்ப படம் இடம் வலம் மாறி அடிச்சிருக்காங்க, கையெழுத்து இருந்த ஓரத்த வெட்டிட்டதால அச்சுல பாத்த யாருக்கும் தெரியல. படிச்ச ஆளுங்க எத்தன பேர் கண்ணு அது மேல பட்டிருக்கும், ஒரு வெட்டுக்காரம்மா கண்ணுதான் பிடிச்சுது. உச்சி வெயில் மட்டும் ஓவியர் வச்சதுதான், அது ஏன்னு பிள்ளைங்க அடுத்த தடவ ஒரு முழு வகுப்பு நேரம் வாதாடினாங்க. மியூசியத்துல அந்தப் படத்தோட பதிவுல பாட்டி சொன்ன குறிப்பச் சேத்தாங்க. அவங்க ஊருக்கு வந்து நமக்குச் சொல்லிக் குடுக்கறது மட்டும் இல்ல, நம்மகிட்ட இருக்கறது அவங்ககிட்ட போகணும். இது ரெண்டும் சேந்தாத்தான் சமூகத் தொடர்பு, இல்லன்னா அது ரோட்ஷோ.

இது நான் ஆசப்பட்டுச் சொல்றது இல்ல. உலக மியூசியங்களோட சங்கம், ஐகாம்னு சொல்வாங்க, 2022 ஆகஸ்ட்ல ப்ராக் நகரத்துல கூடி மியூசியம்னா என்னன்ற வரையறையவே திருத்தி எழுதினாங்க, 92 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு. அதுல எல்லாரும் நொழையக்கூடிய இடமா இருக்கணும், சமூகங்களோட பங்கேற்போட இயங்கணும்னு தெளிவா வந்திருக்கு. அதனால நீங்க கேக்கப் போறது சலுக இல்ல, அவங்க தொழிலோட வரையறையில இருக்கறதத்தான் கேக்கறீங்க. கூச்சப்படாதீங்க.

சரி, வருசாந்திர ரிப்போர்ட். பெரும்பாலும் அதுல வாங்கின கலைப்பொருள், நடத்தின கண்காட்சி, பழுது பாத்த ஓவியம், வந்தவங்க எண்ணிக்க, வெளிய போய் நடத்தின நிகழ்ச்சி, வரவு செலவு இதெல்லாம் இருக்கும். வெளி நிகழ்ச்சிப் பக்கத்துல பங்கேற்பாளர்னு ஒரு நம்பர் போடுவாங்க பாருங்க, அத அப்படியே எடுத்துக்காதீங்க, எப்படி எண்ணினாங்கன்னு கேளுங்க. காலையில சபைக் கூட்டத்துல மைக்ல ரெண்டு வார்த்த பேசினா மொத்தப் பள்ளிக்கூடமும் பங்கேற்பாளர் ஆயிரும், ஆனா பிரஷ்ஷப் பிடிச்சது ஒரே ஒரு வகுப்பா இருக்கும். ஷாப்பிங் மால்ல மேச போட்டு உக்காந்தா நடந்து போறவங்களையும் எண்ணிக்கறது உண்டு, ஃபேஸ்புக்ல பாத்தவங்களையும் சேத்துக்கறது உண்டு. யாரும் பொய் சொல்லணும்னு இப்படிப் பண்றதில்ல, மேல இருந்து நம்பர் கேக்கறாங்க, கீழ இருக்கறவங்க எது சுலபமா எண்ண முடியுமோ அத எண்ணிக் குடுக்கறாங்க. ஆனா அதனால என்ன ஆகுதுன்னா, அடுத்த வருசம் நம்பர் கூடணும்னா புது புது ஊருக்குப் போய்க்கிட்டே இருக்கணும், அதே ஊருக்குத் திரும்பி வந்தா கிராஃப் ஏறாது. உங்க பிள்ளைங்க அம்போன்னு நிக்கிறதுக்கு இதுதான் மூல காரணம்.

இன்னொண்ணு, எந்த வருசத்தோட ஒப்பிடறாங்கன்னு பாருங்க. கோவிட்டுக்காக 2020 மார்ச் 18ல பிகேபின்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டாங்க, மியூசியம் பூரா மூடிட்டாங்க, 2021லயும் தொறந்து மூடி தொறந்து மூடின்னு போச்சு. அந்த வருசங்கள அடியில வச்சு கிராஃப் போட்டா அதுக்கப்புறம் எல்லாமே மலை மாதிரிதான் ஏறும். 2019ஓட ஒப்பிட்டா எங்க நிக்கிறாங்கன்னு ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

நான் முன்னேற்றம்னு எத எடுத்துப்பேன்னா, போன வருசம் போன பள்ளிக்கூடத்துல எத்தனைக்கு இந்த வருசமும் போனாங்கன்றத, ஒரு பிள்ளைக்கு மொத்தம் எத்தன மணி நேரம் கெடச்சுதுன்றத. டீச்சருங்களுக்குத் தனியா பயிற்சி குடுத்தாங்களா, ஏன்னா அவங்க போனதுக்கப்புறம் ஊர்ல இருக்கப்போறது டீச்சர்தான். மொத்தச் செலவுல வெளியூருக்கு எவ்வளவு போகுது. ஊர்க்காரங்க சொன்னதக் கேட்டு ஏதாவது ஒண்ணையாவது மாத்தினாங்களா. கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருந்தாங்க, பிள்ளைங்க கையில குடும்பத்தோட வர்றதுக்கு ஒரு கூப்பன் குடுத்து, அதுல ரகசியமா குறி போட்டு, எத்தன கூப்பன் திரும்பி வருதுன்னு எண்ணினாங்க. சுத்திப் பாத்த பிள்ளைங்க குடும்பத்தோட திரும்பி வந்தது, அந்தச் சுத்துக்குப் போகாத பிள்ளைங்கள விட 18 சதவீதம் கூடுதல். எண்ணறதுன்னா இப்படி எண்ணணும், பிள்ள வீட்டுல போய்ச் சொல்லி அப்பா அம்மாவ இழுத்துக்கிட்டு வந்துச்சான்னு. அப்புறம் ஒரு ரிப்போர்ட்ல "இது சரியா வரல, நிறுத்திட்டோம்"னு ஒரு வரி இருந்தா அந்த மியூசியத்த நான் நம்புவேன், அப்படி எழுதறவங்க ரொம்பக் கொறச்சல்.

போன வருசம் நடந்த கலர் போட்டியப் பத்தி என் கருத்த நேராச் சொல்லிடறேன், எனக்கு அது பிடிக்காது. அச்சடிச்ச கோட்டுக்குள்ள கலர் நெரப்பி, மூணு பேருக்குப் பரிசு குடுத்து, மிச்ச பிள்ளைங்களுக்கு உனக்கு வரையத் தெரியாதுன்னு சொல்லி அனுப்பறது. அதே நேரத்துல உங்க ஊர்ல எத்தன வீட்டு வாசல்ல தைப்பொங்கலுக்குப் புள்ளி வச்சு கோலம் போடறாங்க, கணக்குத் தப்பாம, அழிக்காம, ஒரே இழுப்புல. கோயில்ல சுதைச் சிற்பத்துக்கு வர்ணம் அடிக்கறவரு இருப்பாரு, தைப்பூசத்துக்குக் காவடி கட்டறவரு இருப்பாரு, மயில் தோகைய எந்தக் கோணத்துல சொருகினா ஆடறப்ப விரியும்னு அவருக்குத்தான் தெரியும், கம்பிச் சட்டத்தோட எடைய ரெண்டு தோள்லயும் எப்படிப் பிரிக்கணும்னும் அவருக்குத்தான் தெரியும். அவங்களயும் வகுப்பு எடுக்கச் சொல்லுங்க. இதுல ஒரு விசயத்துல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க டீச்சர்: கேஎல்ல இருந்து வர்ற ஓவியருக்கு ஒரு நாளைக்கு எத்தன வெள்ளி குடுக்கறாங்களோ அதே காசு காவடிக்காரருக்கும் குடுக்கணும். பொன்னாடையும் போட்டோவும் போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

ஊர்ல இருந்து பழைய சாமான் சேக்கறோம்னு அவங்க கேட்டாங்கன்னா நல்லதுதான், ஆனா இங்க கொஞ்சம் நிதானம் வேணும். தோட்டம் துண்டாடி வித்தப்பவும், ரப்பர் போய் செம்பன வந்தப்பவும், தோட்டத்து வரிசை வீட்டு லயத்த இடிச்சப்பவும் ஜனங்க கையில அகப்பட்டத எடுத்துக்கிட்டு தாமானுக்கு, அதான் புதுக் குடியிருப்புக்கு வந்துட்டாங்க. காலையில பேர் கூப்பிடற பிரட்டு களத்துல நின்னு எடுத்த ஃபோட்டோ, பழைய சிவப்பு அடையாள அட்டை (ஐசி), சம்பளச் சீட்டு, பால் கத்தி, இதெல்லாம் இப்ப பீரோ மேல பிஸ்கட் டின்ல கெடக்கு. அந்தக் கல்யாண ஃபோட்டோவுலயும் தீமிதி ஃபோட்டோவுலயும் இருக்கற லயமும் கோயிலும் இன்னிக்கு தரையில இல்ல, படத்துல மட்டும்தான் இருக்கு. அதனால ஒரிஜினலக் கையில குடுத்து அனுப்பாதீங்க. ஸ்கேனரக் கொண்டாந்து பள்ளிக்கூடத்துலயே 600 டிபிஐல ஸ்கேன் பண்ணிட்டு அங்கயே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க, ஒரு காப்பி குடும்பத்துக்கு, ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு. பொருளாவே எடுத்துட்டுப் போறதா இருந்தா, நன்கொடையா இரவலான்னு தெளிவா எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பேப்பர் வேணும், வாய் வார்த்த ஆகாது. ஃபோட்டோவுல இருக்கறவங்க பேரு, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருசம்னு பெரியவங்க இருக்கறப்பவே கேட்டு பென்சில்ல பின்பக்கம் எழுதி வையுங்க. பழைய ஃபோட்டோவ லேமினேட் பண்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க, செலோடேப்பும் ஒட்டாதீங்க, அந்தப் பசை கொஞ்ச வருசத்துல மஞ்சளாகி படத்தையே தின்னுடும்.

குடுக்கறதப் பத்தி பேசறப்ப ஒண்ணு சொல்லணும். நம்ம தேசிய ஓவியக் கேலரி, பாலாய் செனி நெகாரா, 1958ல கேஎல் ஜாலான் அம்பாங்ல ஆரம்பிச்சப்ப நன்கொடையா வந்த வெறும் நாலு ஓவியத்தோடதான் ஆரம்பிச்சாங்க. 1984ல பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்கு மாறி, 1998ல இப்ப இருக்கற ஜாலான் தெமெர்லோ கட்டடத்துக்குப் போச்சு. நாலு படத்துல தொடங்கினது தேசியச் சேகரிப்பா ஆயிருக்கு. உங்க ஊருக்கு இது புதுசா சொல்ல வேண்டியதே இல்ல, சுங்கை சிப்புட்காரரு துன் சம்பந்தன் 1960ல பால்வெட்டுற ஜனங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளியா சேத்துத்தான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டத்தையே வாங்கினாரு. 1954ல மகாத்மா காந்தி கலாசாலையத் தொறந்து வைக்க விஜயலட்சுமி பண்டிட் வந்த ஊரு. இப்படிப்பட்ட ஊர்ல மண்டபத்துச் சுவத்துல பத்து ஃபோட்டோவ மாட்டி ஒரு சின்ன கண்காட்சிய பிள்ளைங்களே நடத்த முடியாதா, நடத்துவாங்க. மியூசியத்துக்காரங்ககிட்ட அதுக்குத்தான் உதவி கேக்கணும்: எப்படி மாட்டறது, பக்கத்துல விளக்கம் எத்தன வரி எழுதறது, எந்த வரிசையில வச்சா பாக்கறவனுக்குப் புரியும்னு. அந்த விளக்கம் தமிழ்லயும் மலாய்லயும் இருக்கணும், தமிழ்ல எழுதறத பிள்ளைங்க எழுதட்டும், பள்ளிக்கூடத்துல பெரியவங்க திருத்துங்க, கூகுள்ல போட்டு மொழிபெயர்த்து ஒட்டறதுக்கு விடாதீங்க.

பஸ். இத நான் தனியா சொல்லியே ஆகணும். பிள்ளைங்க ஒரு தடவையாவது ஒரிஜினலப் போய்ப் பாக்கணும், பிரிண்ட்ல பாத்த படம் நெஜத்துல எவ்வளவு பெருசு, கலர் எவ்வளவு தடிப்பா நிக்குதுன்னு கண்ணால பாக்கறது வேற. பாலாய் செனி நெகாராவுல நொழைய காசு இல்ல, கேஎல்ல 2015ல தொறந்த இல்ஹாம் கேலரியும் இலவசம்தான், ஆனா சுங்கை சிப்புட்ல இருந்து கேஎல் 200 கிலோமீட்டருக்கு மேல, பஸ் வாடக, டோல், சாப்பாடு, கூட வர்ற டீச்சருங்க, இதெல்லாம் இலவசம் இல்ல. கிரிஸ்டல் பிரிட்ஜஸ்ல பஸ் செலவு, மதியச் சாப்பாடு, டீச்சர் போனா வகுப்பப் பாத்துக்கற மாத்து டீச்சர் சம்பளம், எல்லாத்தையும் மியூசியம் பக்கமே ஏத்துக்கிட்டாங்க, அதனாலதான் கிராமத்துப் பள்ளிக்கூடங்க வர முடிஞ்சுது. டிக்கெட் இலவசம்னு போர்டு போட்டா ஏழைப் பிள்ள வந்துரும்னு நெனைக்கறது தப்பு, வழியில இருக்கற செலவுதான் வாசல். முழுசா முடியாதுன்னு சொன்னா பஸ்ஸ மட்டுமாவது கேளுங்க, சாப்பாட்ட பெற்றோர் சங்கம் பாத்துக்கும், நம்ம ஜனங்களுக்கு அண்டாவ அடுப்புல ஏத்தறதெல்லாம் ஒரு வேலையே இல்ல.

கேஎல் போறதுக்கு முன்னாடி பக்கத்துலயே ஒரு நாள் பழக்கிக்கலாம். தைப்பிங்ல பேராக் மியூசியம் இருக்கு, 1883ல ஆரம்பிச்சது, நாட்டுலயே பழசு. போற வழியில கோலகங்சார்ல மாவட்ட அலுவலகம் பக்கத்துல ஒரு ரப்பர் மரம் நிக்குது பாருங்க, 1877ல வந்த கன்றுல மிஞ்சினது. அந்த மரத்தடியில பிள்ளைங்கள உக்கார வச்சு வரையச் சொல்லுங்க. பாட்டி தாத்தாவோட மொத்த வாழ்க்கையும் எங்க இருந்து கெளம்பி வந்துச்சோ அந்த மரத்தத் தொட்டுப் பாத்துட்டு, அப்புறம் ஓவியத்துல அதே மரத்தப் பாத்தா பிள்ள சும்மா கடந்து போகாது.

லெட்டர்ல என்ன எழுதறதுன்னா, சுருக்கமா எழுதுங்க, ஒரு பக்கத்துக்கு மேல போக வேணாம். ஒரே வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஒரு வருசத்துல மூணு தடவ வரணும், அதுல ஒண்ணு அவங்க இடத்துல. வர்றவங்கள்ல தமிழ் பேசத் தெரிஞ்ச ஒருத்தராவது இருக்கணும், இல்லன்னா டீச்சருங்களுக்கு முன்னாடியே ஒரு நாள் பயிற்சி குடுத்துட்டு வகுப்ப டீச்சர்கிட்டயே விடணும், எனக்கு ரெண்டாவதுதான் இன்னும் பிடிக்கும். படங்கள நாங்களும் சேந்து தேர்ந்தெடுப்போம். ஊர்ல இருக்கற ரெண்டு கைவினைக்காரங்களுக்குச் சம்பளத்தோட இடம் குடுக்கணும். பிள்ளைங்க வேலைய எடுத்துட்டுப் போய்க் காட்சிக்கு வச்சா பேரு சரியா எழுதணும், முடிஞ்சதும் திருப்பித் தரணும். பிள்ளைங்க முகம் தெரியற ஃபோட்டோவ ரிப்போர்ட்ல போடறதுக்கு முன்னாடி பெற்றோர் கையெழுத்து வேணும், போன வருசம் யாரையும் கேட்டிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன். ரிப்போர்ட் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம ஊர் பத்தின பக்கத்த நமக்குக் காட்டணும். இதுல எல்லாத்துக்கும் சரின்னு வராது, பாதிக்கு வந்தாலே போன வருசத்த விட ரொம்ப தூரம் போயிருவீங்க. மூணு தடவ முடியாது ரெண்டுதான்னா ஒத்துக்கலாம். ஒரே வகுப்புன்றத மட்டும் மாத்த விடாதீங்க, வருசத்துக்கொரு புது வகுப்புன்னு போனா எல்லாப் பிள்ளைக்கும் ஒரு துளி, எந்தப் பிள்ளைக்கும் வேர் பிடிக்காது.

நேரத்தையும் பாத்துக்குங்க. அரசாங்க பட்ஜெட் பெரும்பாலும் அக்டோபர்ல தாக்கல் ஆகும், அத ஒட்டித்தான் அரசு சார்ந்த கேலரிங்க அடுத்த வருசத்துக்குத் திட்டம் போடுவாங்க, அதனால உங்க லெட்டர் ஆகஸ்ட் செப்டம்பர்லயே அவங்க மேசைக்குப் போயிரணும், ஜனவரில போட்டா மிச்சம் மீதி காசுக்கு மறுபடியும் கலர் போட்டிதான் வரும். மே 18 உலக மியூசியம் தினம், அந்த வாரம் அவங்க கட்டாயம் ஏதாவது செய்வாங்க, அந்த நாள உங்க பிள்ளைங்க கேஎல் போறதுக்குக் கேட்டு வையுங்க. லெட்டர கல்விப் பிரிவுத் தலைவர் பேருக்குப் போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தும் பெற்றோர் சங்கத் தலைவர் கையெழுத்தும் சேத்து அனுப்புங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணுங்க. எழுதி முடிச்சுட்டு அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ காட்டணும்னு தோணுச்சுன்னா காட்டுங்க, பாத்துத் தர்றேன்.